கோபம் இருவருக்கும் வந்தது: முன்பள்ளி இரட்டையர் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு கிராமத்து முன்பள்ளியில் நடந்த விடயம் இது. தாயின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். நடந்த ஒழுங்கையும் எடுத்த முடிவுகளையும் மாற்றவில்லை. முன்பள்ளி ஆசிரியர்களும் உளவளத்துணைப் பணிக்குப் புதிதாக வந்தவர்களும் வாசிப்பார்கள் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டது.

பின்னணி

முன்பள்ளி என்பது சனசமூக நிலையத்தின் மண்டபம்தான். இருபத்துச் சொச்சம் பிள்ளைகள், இரண்டு ரீச்சர்மார். முற்றத்தில் ஒரு சறுக்கி, ஒரு ஊஞ்சல், ஒரு மூன்று சில்லுச் சைக்கிள். இந்தச் சைக்கிளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முறைப்பாட்டில் பாதிக்கு மேல் அதைச் சுற்றித்தான் வந்தது.

பிள்ளைகள் இரட்டையர், ஒரு பெண்ணும் ஒரு பையனும். நாங்கள் சந்தித்தபோது நாலரை வயது இருக்கும். பெண்பிள்ளை சில நிமிடங்கள் முந்திப் பிறந்தவள். ஆகவே வீட்டில் அவள் 'அக்கா', இவன் 'தம்பி'. இந்த ஆய்விலும் அப்படியே எழுதுகிறேன். தகப்பன் மேசன் வேலை. பெரும்பாலும் வெளி மாவட்டத்தில் தங்கி வேலை செய்துவிட்டு மாதத்துக்கு ஒருக்கால் வருவார். தாய் வீட்டிலேயே தையல். அப்பம்மா கூட இருக்கிறார். பிள்ளைகளுக்கு உடுப்பு மாற்றுவது, சாப்பாடு தீத்துவது, முன்பள்ளிக்குக் கூட்டிப் போவது எல்லாம் பெரும்பாலும் அவர் கையால்தான்.

பிறப்புக் கொஞ்சம் முந்தியது, இருவருக்கும் நிறை குறைவு. மருத்துவமாது குறித்து வைத்த வளர்ச்சிப் பதிவேட்டில் அதற்குப் பிறகு கவலைப்பட எதுவும் இல்லை. நடை, ஓட்டம், தடுப்பூசி எல்லாம் காலத்துக்குக் காலம் சரி. பேச்சைப் பற்றி மட்டும் பதிவேட்டில் ஒன்றும் எழுதப்பட்டிருக்கவில்லை.

முறைப்பாடு வந்த விதம்

சித்திரை வருடப் பிறப்பு விடுமுறை முடிந்து முன்பள்ளி தொடங்கிய சில கிழமைகளில், தம்பி இன்னொரு பையனைச் சைக்கிளிலிருந்து தள்ளி விழுத்தினான். விழுந்தவனுக்குச் சொண்டு வெடித்து இரத்தம். அந்தப் பிள்ளையின் பெற்றோர் வந்து சத்தம் போட்டார்கள். அதற்கு முந்தியே இரண்டு மூன்று தாய்மார் முறையிட்டிருந்தார்கள். "அவனை நிப்பாட்டுங்கோ, இல்லாட்டி எங்கட பிள்ளையளை வேற நேசரிக்கு மாத்துறம்" என்ற கட்டத்துக்குக் கதை போய்விட்டது.

உளவளத்துணை கேட்டு எங்களிடம் வந்த பரிந்துரைப் படிவத்தில் தம்பியைப் பற்றி ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்தது. கோபம் கூடியவன், பொறுமை இல்லை, குழப்படி, சொல்வழி கேளாதவன். சகோதரங்களைப் பற்றிய கட்டத்தில் ஒரே வரி: "இரட்டைச் சகோதரி உண்டு. பிரச்சினை இல்லை, நல்ல பிள்ளை."

வீட்டாரின் பேச்சும் ஏறக்குறைய இதே. தாய் களைத்துப் போயிருந்தார். பூவரசங்கம்பு விறாந்தைக் கூரையில் செருகிக் கிடந்தது. எடுக்கிறது பெரும்பாலும் தம்பிக்குத்தான் என்று அவரே சொன்னார். அப்பம்மாவுக்கு இது பெரிய விடயமாகத் தெரியவில்லை. "ஆம்பிளைப் பிள்ளையெண்டால் உப்பிடித்தான் பிள்ளை, இவன்ர தேப்பனும் சின்னனில இப்பிடித்தான்." தகப்பனோடு தொலைபேசியில் கதைத்தபோது சிரித்தார். மகனைச் 'சண்டியன்' என்று கூப்பிடுவது அவர்தான். அந்தச் சொல்லில் கண்டிப்பை விடப் பெருமைதான் கூட இருந்தது.

பார்த்தது

தம்பியை மட்டும் பார்க்காமல் இருவரையும் ஒரே அளவாகப் பார்ப்பது என்று முதலிலேயே தீர்மானித்தோம். இரட்டையர், ஒரே வீடு, ஒரே வகுப்பு, ஒரே வயது. இப்படி ஒரு வாய்ப்பு எப்போதும் அமையாது. பிரதேசத்து முன்பிள்ளைப் பருவ உத்தியோகத்தரும் நானும் காலை வேளைகளில் மண்டபத்தின் மூலையில் இருந்து குறித்தோம். ஒவ்வொரு தடவையும் நாலு விடயம்: முன்னம் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, பெரியவர்கள் என்ன செய்தார்கள், எப்போது தணிந்தது.

இந்த முறை எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவின் மினசோட்டாவில் புளோரன்ஸ் குடினஃப் என்ற உளவியலாளர் 45 பிள்ளைகளின் பெற்றோரைக் கொண்டு, வீட்டில் நடந்த ஒவ்வொரு கோபத்தையும் அன்றன்றே எழுத வைத்து 1931 இல் வெளியிட்டார். நினைவிலிருந்து சொல்வதற்கும் நடந்தவுடன் எழுதுவதற்கும் எவ்வளவு தூரம் என்பதை இந்த வேலையை ஒரு கிழமை செய்து பார்த்தவர் எவரும் ஒத்துக்கொள்வார்.

கோபம் என்று எதைக் குறிப்பது என்பதில் இருவரும் முன்கூட்டியே உடன்பட வேண்டியிருந்தது. கத்துவது, அடிப்பது, எறிவது எல்லாருக்கும் தெரியும். முகம் இறுகுவது, உடம்பை விறைப்பாக்குவது, கொடுத்ததைத் தள்ளிவிடுவது, கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பது, நுள்ளுவது ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டோம். இந்த ஒரு முடிவுதான் பிறகு எல்லாவற்றையும் மாற்றியது.

தம்பியின் கோபம் பார்க்கச் சுகம், ஒளிவு மறைவு இல்லை. சைக்கிளுக்கு வரிசையில் நிற்கிறான், அவனுக்கு முன்னால் நாலு பேர். முதலாவது பிள்ளை ஒரு சுற்று வரும் வரை நல்லாகத்தான் நிற்கிறான். இரண்டாவது சுற்றில் ஒரு கால் வரிசைக்கு வெளியே வருகிறது. கைகள் சட்டைத் தும்பைப் பிடித்து முறுக்குகின்றன. கண் சைக்கிளை விட்டு அசையவில்லை. மூன்றாவது பிள்ளை ஏறுகிற நேரம் ஓடிப்போய்க் கைபிடியைப் பிடித்து இழுக்கிறான். வாயிலிருந்து ஒரு சொல்லும் இல்லை, ஒரு உறுமல் மட்டும். தள்ளு. ரீச்சர் சத்தம் போட்டபடி வருகிறார். மூலைப் பாயில் இருத்துகிறார்கள். கொஞ்ச நேரம் உதைக்கிறான், அழுகிறான். பிறகு பார்த்தால் பாய்க்குப் பக்கத்தில் கிடந்த புளியங்கொட்டைகளைப் பொறுக்கி அடுக்கிக் கொண்டிருக்கிறான். எல்லாம் சேர்த்து நாலைந்து நிமிடம் வராது.

அக்காவின் கோபத்தைப் பிடிப்பதற்குக் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. நிறந்தீட்டும் நேரம் அவளுடைய ஊதா நிறப் பென்சிலை எதிரே இருந்த பிள்ளை எடுத்தது. அக்கா கையை நீட்டினாள். ரீச்சர் அந்தப் பக்கம் போனபடியே, "அவவுக்குக் குடுங்கோ, நீங்கள் நல்ல பிள்ளையெல்லோ" என்றார். கையை எடுத்துவிட்டாள். கீழ்ச்சொண்டை உள்ளே மடித்துக் கடித்தாள். பிறகு மேசைக்குக் கீழே கை போனது. பக்கத்தில் இருந்த பிள்ளையின் தொடையில் ஒரு நுள்ளு. பென்சிலை எடுத்தவளுக்கு இல்லை, ஒன்றுமறியாத பக்கத்துப் பிள்ளைக்கு. அந்தப் பிள்ளை வீரிட்டுக் கத்த, ரீச்சர் திரும்பி, "ஏன் இப்ப கத்துறீர்?" என்று நுள்ளு வாங்கியவளை ஏசினார். அக்கா குனிந்த தலை நிமிரவில்லை. அன்று சாப்பாட்டுப் பெட்டியை அவள் திறக்கவே இல்லை.

பெட்டி திறபடாமல் வீட்டுக்குத் திரும்புவது அடிக்கடி நடக்கிறது என்று தாயிடம் கேட்டபோதுதான் தெரிந்தது. வீட்டில் அதற்கு வைத்திருந்த காரணம் 'சாப்பாட்டுப் பஞ்சி'. எங்கள் குறிப்புகளை வைத்துப் பார்த்தால், பெட்டி அப்படியே திரும்பிய நாட்கள் பெரும்பாலும் காலையில் அவள் எதையாவது விட்டுக்கொடுத்த நாட்கள்.

குறிப்புகளைக் கூட்டிப் பார்த்தோம். அமைதியான கோபங்களையும் சேர்த்தால் அக்காவுடையதும் தம்பியுடையதும் எண்ணிக்கையில் கிட்டத்தட்டப் பக்கத்தில் வந்து நின்றன. தம்பிக்குச் சற்றுக் கூட. அடித்ததையும் தள்ளியதையும் மட்டும் எண்ணினால் தம்பி எங்கோ முன்னுக்கு நின்றான். தணிவதற்கு எடுத்த நேரம் மறுதலை. அவனுக்கு நிமிடங்கள், அவளுக்குச் சிலவேளை அரை நாள்.

பெரியவர்கள் வைத்த பெயர்கள்

படக்கட்டைப் புதிர் சரிவராதபோது தம்பி துண்டுகளை எறிந்தான். "கோவத்தில எறிஞ்சு போட்டான்" என்றார் ரீச்சர். இரண்டு நாள் கழித்து அதே புதிரை அக்கா மேசையிலிருந்து ஒரே வீச்சில் வழித்துத் தள்ளினாள். "இரவு நித்திரை காணாது போல" என்றார் அதே ரீச்சர். அவர் அக்கறையான, அனுபவமுள்ள ஆசிரியர். வேண்டுமென்று செய்தது இல்லை. அக்காவிடம் கோபத்தை அவர் எதிர்பார்க்கவில்லை, அதனால் காணவும் இல்லை.

இது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரிய பழக்கம் என்று நினைக்க வேண்டாம். 1976 இல் அமெரிக்காவில் ஜோன் கொன்ட்ரி, சாண்ட்ரா கொன்ட்ரி இருவரும் ஒரு 9 மாதக் குழந்தையின் படத்தைப் பெரியவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். பெட்டிக்குள்ளிருந்து பொம்மை துள்ளி எழும்பும்போது குழந்தை கலங்குகிறது. ஆண்குழந்தை என்று சொல்லப்பட்டவர்கள் அதைக் கோபம் என்றார்கள். பெண்குழந்தை என்று சொல்லப்பட்டவர்கள் பயம் என்றார்கள். குழந்தையும் ஒன்று, படமும் ஒன்று.

ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களின் முடிவும் எங்கள் குறிப்புப் புத்தகத்தோடு ஓரளவு ஒத்துப்போனது. 2006 இல் நிக்கோல் எல்ஸ்-குவெஸ்டும் குழுவினரும் 3 மாதம் முதல் 13 வயது வரையான பிள்ளைகளின் சுபாவம் பற்றிய ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டார்கள். கோபம் உட்பட எதிர்மறை உணர்ச்சிகளில் ஆண் பெண் வேறுபாடு சொல்லும்படியாக இல்லை. தன்னைத்தானே நிறுத்திப் பிடித்து வேண்டியதில் கவனத்தை வைக்கும் ஆற்றலில் பெண்பிள்ளைகள் ஏறத்தாழ ஒரு நியம விலகல் (பிள்ளைகளின் புள்ளிகள் சராசரியிலிருந்து பொதுவாக விலகி நிற்கும் அளவு) முன்னுக்கு நின்றார்கள். உளவியலில் இது பெரிய வேறுபாடு. ஆண்பிள்ளைகளுக்குத் துருதுருப்புக் கொஞ்சம் கூடுதல். ஆக, கோபம் வருவது ஒன்று, அதை அடக்குவது வேறொன்று. வீட்டிலும் முன்பள்ளியிலும் இரண்டையும் ஒரே சாமானாகப் பேசுகிறோம்.

கை நீட்டுவது மூன்றாவது சங்கதி. அது ஆண்பிள்ளைகளில் கூடுதல் என்பது மிகச் சிறு வயதிலேயே தெரிகிறது. ஆனால் இரு பாலாரிலும் 2 வயதுக்கும் 4 வயதுக்கும் இடையில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு பெரும்பாலானோரில் குறைந்துவிடும் என்று கனடாவில் ரிச்சர்ட் ட்ரெம்பிளே நீண்டகாலம் பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

அந்த 2006 கணக்கில் ஒரு கொழுக்கி உண்டு. அதில் சேர்ந்த ஆய்வுகளில் பெரும்பங்கு பெற்றோரும் ஆசிரியரும் நிரப்பிய வினாக்கொத்துகள். ஊதாப் பென்சில் நாளில் எங்கள் ரீச்சரிடம் வினாக்கொத்தைக் கொடுத்திருந்தால் அக்காவுக்கு முழுப் புள்ளி விழுந்திருக்கும்.

ஆகவே நேரடியாகவே ஒன்றைச் செய்து பார்த்தோம். 'தலை' என்றால் காலைத் தொட வேண்டும், 'கால்' என்றால் தலையைத் தொட வேண்டும். பல நாடுகளில் பாவிக்கிற ஒரு சோதனைதான், பிள்ளைகளுக்கு வெறும் விளையாட்டு. காலைத் தேவாரம் முடிந்த கையோடு எல்லாரையும் சேர்த்து விளையாடினோம். அக்கா பிழைவிட்டது குறைவு. தம்பி கொஞ்சம் கூடப் பிழைவிட்டான், ஆனால் பாதி வழியில் கையை நிறுத்தித் தானே திருத்தினான், சிரித்தான், திரும்பவும் கேட்டான். அவர்களுக்கிடையில் இருந்த தூரம் கொஞ்சம்தான். படிவத்தில் எழுதியிருந்த தூரம் இல்லை.

இதே விளையாட்டை வைத்து அமெரிக்கா, தாய்வான், தென்கொரியா, சீனா ஆகிய இடங்களில் 3 முதல் 6 வயது வரையான 814 பிள்ளைகளைப் பார்த்த ஆய்வு ஒன்று 2013 இல் வந்தது. அமெரிக்காவில் பெண்பிள்ளைகள் தெளிவாக முன்னுக்கு. மூன்று ஆசியச் சமூகங்களிலும் விளையாட்டில் வேறுபாடு தெரியவில்லை. அப்படியிருந்தும் தாய்வான், தென்கொரிய ஆசிரியர்கள் பெண்பிள்ளைகளுக்கே கூடிய புள்ளி போட்டிருந்தார்கள். இலங்கைப் பிள்ளைகள் அந்த ஆய்வில் இல்லை. என்றாலும் எங்கள் மண்டபத்தில் கண்டது இதற்குத்தான் கிட்ட.

பேச்சு

தம்பி தன்னை நிறுத்த முடிந்தவன் என்றால், சைக்கிள் வரிசையில் ஏன் முடியவில்லை? இரண்டு காரணம் கண்ணில் பட்டது. ஒன்று, ஆசைப்பட்ட சாமான் கண்ணுக்கு முன்னால் சுற்றிச் சுற்றி வருகிறது. மற்றது, அவனிடம் சொல் இல்லை. இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் கோத்துப் பேசுவது அரிது. வீட்டில் அவனுக்காகப் பேசுவது அக்கா. "தம்பிக்குத் தண்ணி வேணுமாம்", "தம்பிக்கு அது பிடிக்கேல்லையாம்". அவன் கையைக் காட்டுவான், அவள் மொழிபெயர்ப்பாள். இரட்டையரில் பேச்சுப் பிந்துவது, அதிலும் ஆண்பிள்ளைக்குப் பிந்துவது, பழக்கப்பட்ட விடயம். சொல் வேகமாக வளர்ந்த பிள்ளைகளுக்கு நாலு வயதளவில் கோபம் குறைவாக இருக்கிறது என்று சிறுவயதிலிருந்து தொடர்ந்து பார்த்த ஆய்வும் உண்டு.

முன்பள்ளியில் இருவரும் வேறு வேறு மேசையில். அதாவது மொழிபெயர்ப்பாளர் இல்லை.

எடுத்த முடிவுகளும் காரணமும்

தம்பியை உளமருத்துவப் பிரிவுக்கு அனுப்புவதில்லை என்பது முதல் முடிவு. தணிய நெடுநேரம் எடுப்பது, தன்னைத்தானே காயப்படுத்துவது, ஆறிய பிறகும் போய் அடிப்பது, இவற்றில் ஒன்றாவது இருந்திருந்தால் உடனே அனுப்பியிருப்போம். அப்படி ஏதும் வந்தால் முடிவை மாற்றுவது என்று தாயிடமும் ரீச்சரிடமும் எழுதிக் கொடுத்தோம். செவிப்புலன் பரிசோதனைக்கும் பேச்சுச் சிகிச்சைக்கும் அரச வைத்தியசாலைக்குக் கடிதம் கொடுத்தோம். காது சரி. பேச்சு வயதுக்குப் பிந்தியிருப்பதாக எழுதி, வீட்டில் செய்யப் பயிற்சிகள் கொடுத்தார்கள்.

முன்பள்ளியில் முதலில் மாற்றியது வரிசையை. ஆசைப்படும் பொருளைக் கண்ணிலிருந்து மறைத்தால் பிள்ளைகள் கூடிய நேரம் காத்திருக்கிறார்கள் என்பது வோல்டர் மிஷெல் 1970 அளவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகச் சிறுவர் பள்ளியில் கண்டது. இதற்குப் பெரிய உபகரணம் தேவையில்லை. விளையாட்டு நேரம் வரும்வரை சைக்கிள் களஞ்சிய அறைக்குள். வெளியே வந்த பிறகும் ஒரு தடவைக்கு இரண்டு பேருக்கு மேல் வரிசையில் நிற்பதில்லை; மற்றவர்கள் சறுக்கியிலும் மணலிலும். அடுத்த முறைக்காரரின் கையில் ஒரு சிவப்புக் கொடி. சுற்றுத் தொடங்குவதும் முடிவதும் அந்தக் கொடியால்தான். காத்திருப்பவனுக்கு ஒரு வேலை இருந்தால் காத்திருப்புப் பாதியாகிவிடும்.

இன்னொரு சைக்கிள் வாங்கினால் என்ன என்று சின்ன ரீச்சர் கேட்டார். நியாயமான கேள்வி. இப்படியான பள்ளிகளில் பிள்ளைகளின் பொறுமை என்று நாம் அளக்கிறதில் ஒரு பங்கு, சாமான் காணாது என்பதுதான். சனசமூக நிலைய நிர்வாகத்திடம் கேட்டோம். திருவிழாக்காலம் முடியட்டும் என்றார்கள். சைக்கிள் வந்தது கார்த்திகையில்.

அடுத்தது சொற்கள். தம்பிக்கு மூன்றே மூன்று வசனம்: "என்ர முறை", "எனக்குத் தாங்கோ", "எனக்குக் கோவம் வருது". கோபம் வராத நேரத்தில், விளையாட்டாக, வகுப்பு முழுவதற்கும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தோம். அவனுக்கு மட்டும் கொடுத்தால் அவன் மேல் முத்திரை குத்தினதாகிவிடும்.

கோபம் பொங்குகிற நேரத்தில் பெரியவர்கள் கிட்ட இருக்க வேண்டும், கதைக்கக் கூடாது. ஒன்றரை வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகள் அடம்பிடித்துக் கத்துவதை ஆராய்ந்து 2003 இல் வந்த கட்டுரைகளில், நாலில் மூன்று பங்கு 5 நிமிடத்துக்குள் முடிந்திருந்தது. கோபம் தொடக்கத்திலேயே உச்சத்துக்குப் போய் வடிந்துவிடுகிறது. அந்த நேரத்தில் செய்கிற புத்திமதி எரிகிற அடுப்புக்கு ஊதுகிற ஊதுகுழல்தான். ரீச்சர்மாருக்கு இது சரியான கஷ்டமாக இருந்தது. மற்றத் தாய்மார் பார்த்துக்கொண்டிருக்க ஏசாமல் நிற்பது சும்மா விடுவதாகத் தெரியும் என்றார் பெரிய ரீச்சர். அது உண்மைதான். ஆகவே அடிபட்ட பிள்ளையிடம் முதலில் போவது, தூக்குவது, கழுவுவது என்று ஒழுங்கு வைத்தோம். எல்லாருடைய கண்ணுக்கும் அது தெரியும்.

அக்காவை இதற்குள் சேர்ப்பதா என்பதில் எங்களுக்குள்ளேயே ஒற்றுமை இருக்கவில்லை. பேசாமல் இருக்கிற பிள்ளைக்கு ஏன் ஒரு பிரச்சினையை உண்டாக்குவான் என்று கூட இருந்த உத்தியோகத்தர் கேட்டார். எனக்குச் சாப்பாட்டுப் பெட்டி மனதில் நின்றது. அடக்கி வைக்கிறதைக் கட்டுப்பாடு என்று கணக்கில் எழுதிவிட்டு, அது போகிற இடத்தைப் பார்க்காமல் விடுவது சரியாகப் படவில்லை. கடைசியில் அவளுக்கென்று தனிக் கோவை திறக்காமல், பெரியவர்கள் செய்ய வேண்டிய இரண்டு விடயத்தை மட்டும் தீர்மானித்தோம். அவளிடமிருந்து எதையும் பறித்தால், தம்பியிடமிருந்து பறித்தால் என்ன செய்வோமோ அதையே செய்வது: திருப்பி வாங்கிக் கொடுப்பது. முகம் இறுகியதைக் கண்டால் "பென்சிலை எடுத்தது கோவமாய் இருக்கோ?" என்று பெயர் சொல்லிக் கேட்பது. 'நல்ல பிள்ளையெல்லோ' என்ற வசனத்தை நிறுத்துவது கடைசியாகச் சேர்ந்தது. நிறுத்துவதற்கு ஆகக் கஷ்டமாக இருந்ததும் அதுதான்.

வீட்டுக்கு மூன்று வேண்டுகோள். கம்பு வேண்டாம்; அடி வாங்குகிற பிள்ளைகளில் பின்னாளில் முரட்டுத்தனம் கூடக் காணப்படுகிறது என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு. "அக்காதானே, விட்டுக்குடு" வேண்டாம். 'சண்டியன்' வேண்டாம்.

நடந்தது

வரிசையை மாற்றிய விளைவு கெதியில் தெரிந்தது. சில கிழமைகளிலேயே சைக்கிளடியில் தள்ளுப்பாடு வெகுவாகக் குறைந்தது, தம்பியால் மட்டுமில்லை, வகுப்பு முழுவதிலும். கொடி பிடிப்பதில் தம்பிக்கு ஒரு அதிகாரமே வந்துவிட்டது. "என்ர முறை" என்ற வசனம் முதலில் வந்தது. முறை இல்லாத நேரத்திலும் அதைத்தான் சொன்னான். அடிப்பதற்கு அது மேல் என்று விட்டோம். "கோவம் வருது" வெகுநாள் வரவே இல்லை. வந்த முதல் நாள் அதைச் சொல்லிக்கொண்டே அடித்தான்.

ஆடி, ஆவணியில் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் கொடியேறியதும் ஒழுங்கு குலைந்தது. 25 நாள் திருவிழா, வீட்டில் விரதம், உறவினர் வருகை. பிள்ளைகள் பாதி நாள் வரவில்லை. தகப்பனும் வந்து நின்றார். திருவிழா முடிந்து வந்தபோது தம்பி பழையபடி. கொடியும் வரிசையும் திரும்பவும் தொடங்க, முதல் தடவையை விடச் சுறுக்காகவே சரிவந்தது.

அக்காவின் கதைதான் எதிர்பார்த்த வழியில் போகவில்லை என்று வீட்டார் எடுத்துக்கொண்டார்கள். ஆனி மாதமளவில் நுள்ளுவது குறையத் தொடங்கியது, ஆனால் சத்தம் வரத் தொடங்கியது. "என்ர!" என்று கத்துவாள். ஒருநாள் வீட்டில் தம்பி அவளுடைய தட்டிலிருந்து எடுக்க, கரண்டியால் மேசையில் அடித்து, "அவனைப் பேசுங்கோ அப்பம்மா!" என்றாளாம். மறுநாள் அப்பம்மா முன்பள்ளி வாசலில்.

"பெடியனைத் திருத்தச் சொல்லி விட்டால், பெட்டையைப் பழுதாக்கிப் போட்டியள்."

விறாந்தையில் கதிரை போட்டு இருத்திக் கதைத்தோம். அவருடைய கவலையை வெறும் பழமைவாதம் என்று தள்ளிவிடக்கூடாது. வாய்காட்டுகிற பெண்பிள்ளைக்கு ஊரில் என்ன பெயர் வரும் என்பது அவருக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். நாளைக்கு அவள் போகப்போகிற வகுப்பும் வாழப்போகிற ஊரும் நாங்கள் ஒழுங்குபடுத்திய மண்டபம் இல்லை. ஆகவே கத்துவதைச் சரி என்று சொல்லவில்லை. கத்தாமலும் நுள்ளாமலும் "அது என்ர, தா" என்று சொல்வதற்கு இடையில் ஒரு படி உண்டு, அந்தப் படியில் இப்போது நிற்கிறாள் என்று சொன்னோம். அப்பம்மா முழுதாக ஒத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. தாய்தான் இடையில், "அது சரி, இப்ப பெட்டியில சாப்பாடு மிச்சம் வாறேல்லை மாமி" என்றார். அந்த ஒரு வசனத்துக்குப் பிறகு கதை வேறு பக்கம் திரும்பியது.

ஐப்பசி வரும்போது அக்காவின் கத்தல் தணிந்து, கேட்பது கூடியிருந்தது. கோபம் தணிய எடுக்கும் நேரம் முன்னரை விடக் குறைவு. தம்பிக்காகப் பேசுவதை அவளாகவே முழுவதும் விடவில்லை. ஆனால் "தம்பி சொல்லட்டும்" என்று தாய் காத்திருக்கப் பழகினார். அவன் இப்போது நாலைந்து சொல் கோத்துச் சொல்கிறான், அவசரத்தில் இன்னும் கைதான் முந்துகிறது.

தகப்பனைப் பொறுத்தவரை சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. கம்பு வேண்டாம் என்பதை ஏற்றார். வைத்தியசாலையிலும் அதையே சொன்னது உதவியது. 'சண்டியன்' நிற்கவில்லை.

இதிலிருந்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்ல முடியாது

ஒரு சோடி இரட்டையரை வைத்து ஆண் பெண் வேறுபாடு பற்றி எதையும் நிறுவ முடியாது. ஆய்வுகள் சொல்வது சராசரி. அந்தச் சராசரிக்குள் தம்பியை விடப் பொறுமையில்லாத பெண்பிள்ளைகளும் அக்காவை விட அடக்கமான பையன்களும் நிறைய. இந்த வகுப்பிலேயே இருவர் இருந்தார்கள். அக்காவின் அடக்கத்தில் எவ்வளவு பெண்பிள்ளை என்பதால் வந்தது, எவ்வளவு சில நிமிடம் மூத்தவள் என்பதால் வந்தது என்பதையும் பிரிக்க முடியவில்லை. தம்பி முந்திப் பிறந்திருந்தால் அவனிடம் யாராவது விட்டுக்கொடுக்கச் சொல்லியிருப்பார்களா என்று தாயிடம் கேட்டேன். சிரித்துவிட்டு, "இல்லை" என்றார்.

முன்னேற்றத்துக்கு எது காரணம் என்பதும் அப்படித்தான். வரிசை மாறியது, பேச்சுப் பயிற்சி நடந்தது, கம்பு நின்றது, பிள்ளைகளுக்கு அரை வயது கூடியது. மூன்று வயதுக்கும் ஐந்துக்கும் இடையில் தன்னைக் கட்டுப்படுத்தும் திறன் வேகமாக வளர்கிற காலம் என்பதால் கடைசிக் காரணத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

மாற்றியவை

பரிந்துரைப் படிவத்தில் 'கோபம்' என்ற கட்டத்தை எடுத்துவிட்டோம். அதற்குப் பதிலாக: என்ன நடந்தபோது, பிள்ளை என்ன செய்தது, எவ்வளவு நேரம். அதற்குக் கீழே, அடிக்காத பிள்ளைகளுக்காக நாலு கேள்வி: சாப்பாடு திரும்பி வருகிறதா, நுள்ளு அல்லது கிள்ளல் உண்டா, கூப்பிட்டால் பேசாமல் இருப்பது நீடிக்கிறதா, காரணமில்லாமல் வயிற்றுவலி சொல்கிறதா. கூடப்பிறந்தவர் அதே பள்ளியில் இருந்தால் அவரையும் பார்த்தே முடிவெடுப்பது.

குறிப்பெடுப்பவர்களில் ஒருவருக்கேனும் எந்தப் பிள்ளை மேல் முறைப்பாடு என்று முன்கூட்டித் தெரியாமல் இருப்பது நல்லது. இந்த நிகழ்வில் எங்கள் இருவருக்கும் அது தெரியும். தகப்பன் ஊரில் நிற்கும் நாட்களை முதலிலேயே கேட்டு வைத்துக்கொண்டு முதற் சந்திப்பை அதற்கேற்ப வைப்பதும் இப்போது வழக்கமாகியிருக்கிறது. தொலைபேசியில் சிரித்துவிட்டுப் போகலாம், நேரில் இருத்திக் கேட்டால் ஆட்கள் யோசிப்பார்கள்.

மார்கழியில் கோவையை மூடும்போது தரம் 1 ஆசிரியருக்கு இரண்டு கடிதம் எழுதினோம், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று. தம்பியின் கடிதத்தில் அவனுடைய மூன்று வசனமும், காத்திருக்கும் நேரத்தில் கையில் ஒரு வேலை கொடுத்தால் நிற்பான் என்பதும் இருக்கிறது. அக்காவின் கடிதத்தில் மதியச் சாப்பாட்டைப் பார்க்கச் சொல்லியும், இருவரையும் ஒரே மேசையில் இருத்த வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறது. பேச்சுச் சிகிச்சைக்கு அடுத்த தவணை தையில்.